மறுபடியும் ஒரு நிமிஷத்திலிருந்து

ஜெபல் அலிப் பக்கம் இருப்பவர்களுக்கு டிஸ்கவரி கார்டன்ஸின் அதிகாலைக் கூட்டத்தைத் தெரிந்திருக்கும். விசிட் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாக்கள். புடவைக்குக் கீழே மருமகன் வாங்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூ, கையில் போன், போனில் சத்தமாக ஊர்ச் செய்தி. 2024 செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் அப்படி ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனார். அவர் நடந்துகொண்டிருந்தார். நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

தாண்டிப் போனவர் திரும்பிப் பார்த்து, "பைய வாங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். திருநெல்வேலிப் பேச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர்மேல் இல்லை, என் கால்கள்மேல்.

ஏனென்றால் அதற்கு ஒரு வருஷம் முன்னால் நான் 5 கிலோமீட்டரை 27 நிமிஷத்தில் ஓடுகிற ஆள். பெரிய ஓட்டக்காரன் எல்லாம் இல்லை. 2019-இல் ஷேக் சாயித் ரோட்டை மூடிவிட்டு முதல் 'துபாய் ரன்' நடத்தினார்களே, அதில் ஆபீஸ் ஆட்களோடு சும்மா போய் 5 கிலோமீட்டரில் பாதி நடந்து பாதி ஓடி வந்தவன். தொப்பை குறையட்டும் என்று ஆரம்பித்தது, பிடித்துப்போய்விட்டது. எங்கள் பில்டிங்கில் ஆறு பேர் சேர்ந்தோம். மூன்று மலையாளிகள், ஒரு பிலிப்பினோ, தமிழர் இரண்டு பேர். சனிக்கிழமை காலை ஓட்டம், அப்புறம் கஃபட்டேரியாவில் கரக் சாயாவும் பரோட்டாவும். ஓடி எரித்ததை அங்கேயே திருப்பி வாங்கிக்கொள்வோம்.

2023 ஆகஸ்டில் இருந்தே ஏதோ சரியில்லை. சாயங்காலமானால் லேசான காய்ச்சல். ராத்திரி தலையணை நனைகிற அளவுக்கு வியர்வை. வறட்டு இருமல். இடது விலாவில் ஒரு குத்தல். விலாவில் குத்தினால் ஓடுகிறவன் என்ன நினைப்பான்? சுளுக்கு, பிடிப்பு. நானும் தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினேன். வேகம் குறைந்தது. பயிற்சி போதவில்லை என்று இன்னும் ஒருநாள் சேர்த்து ஓடினேன். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பயமும்.

எடையும் குறைந்தது. 71 கிலோவில் இருந்து 64. பார்க்கிறவர்கள் எல்லாம் "செம ஃபிட்டா இருக்கீங்க ப்ரோ, என்ன டயட்?" என்று கேட்டார்கள். நானும் பெருமையாக ராத்திரி சோறு சாப்பிடுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் ராத்திரி பசியே எடுக்கவில்லை. என் மனைவி மட்டும்தான் ஒருநாள், "ஃபிட்டா இருக்கிறவங்க முகம் இப்படியா இருக்கும்?" என்று கேட்டாள். 

நவம்பரில் ஒருநாள் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடிக்குப் படியேறினேன். இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை.

எக்ஸ்ரேயில் இடது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். முதுகுப் பக்கம் ஊசி போட்டு ஒன்றேகால் லிட்டர் எடுத்தார்கள். பாட்டிலில் பார்த்தேன், எலுமிச்சை ஜூஸ் நிறத்தில் இருந்தது. அத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் நான் எக்ஸ்ட்ரா பயிற்சி எடுத்திருக்கிறேன். அதன்பிறகு டெஸ்டுகள், உறையில் இருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனை. டாக்டர் எகிப்துக்காரர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். டி.பி.

மதுரைக்காரர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும். எங்கள் வீட்டில் 'தோப்பூர்' என்ற ஊர்ப்பெயரைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அங்கேதான் டி.பி. ஆஸ்பத்திரி. என் சின்ன மாமா ஒருவர் நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அங்கே சில மாதம் இருந்தார். "மாமா எங்கம்மா?" என்று கேட்டால், "திருமங்கலம் பக்கம் வேலையா போயிருக்காரு" என்பார்கள். திரும்பி வந்தபிறகும் அவருக்குத் தனி டம்ளர். குணமான பிறகும் தனி டம்ளர்தான். அந்த டம்ளரில் கீறி வைத்திருந்த பெருக்கல் குறிதான் எனக்கு அந்த டாக்டர் முன்னால் ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாபகம் விசா. இங்கே இருக்கிற நமக்கெல்லாம் தெரியும், விசா மெடிக்கல் என்றால் ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும். அந்த எக்ஸ்ரே எதைத் தேடுகிறது என்பதும் தெரியும். 'இது தெரிஞ்சா டிக்கெட் கையில குடுத்துருவாங்க' என்ற கதைகளைக் கேட்டுத்தான் நாம் எல்லாரும் இங்கே வந்திருக்கிறோம். எனக்கு விசா முடிய நாலு மாதம் இருந்தது. பையன் ஐந்தாம் வகுப்பு. டாக்டரிடம் முதலில் கேட்டது 'பிழைப்பேனா' என்று இல்லை, 'விசா என்னாகும்' என்றுதான். அவர் கேட்டுப் பழகியிருப்பார் போல. ஏற்கெனவே இங்கே குடியிருப்பவர்களுக்கு விதி மாறிவிட்டது, சிகிச்சையை ஒழுங்காக எடுத்துக்கொள், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்படியே நடந்தது. சிகிச்சைத் தாள்களோடு போனபோது எனக்கு ஒரு வருஷத்துக்கு விசா கிடைத்தது. ஒரு வருஷம் கழித்து மறுபடி எக்ஸ்ரே. அந்தத் தேதி என் தலைமாட்டிலேயே உட்கார்ந்துகொண்டது.

மனைவிக்கும் பையனுக்கும் பரிசோதனை செய்தார்கள். ஒன்றுமில்லை. நுரையீரல் உறையில் மட்டும் வருகிற வகை அவ்வளவாகப் பரவாது என்று டாக்டர் சொன்னாலும், அந்த ரிசல்ட் வருகிறவரை நாங்கள் இரண்டு பேரும் தூங்கவில்லை.

ஆறு மாதம் மாத்திரை. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு மருந்து. முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், ரிஃபாம்பிசின் என்ற மருந்து அப்படித்தான் செய்யும் என்று. சொல்லியிருந்தும் ஒரு திடுக்கிடல். எடை 58 வரைக்கும் போய், அங்கே நின்றது. அம்மாவுக்கு, ஆபீசுக்கு, பில்டிங் நண்பர்களுக்கு எல்லாம் ஒரே பதில்: நிமோனியா. மேனேஜருக்கும் மச்சானுக்கும் மட்டும் உண்மை தெரியும். மச்சான் கோயமுத்தூரில் இருந்து போன் போட்டு, "மாப்ள, நான் அப்பவே சொன்னேன்ல, அந்த வெயில்ல ஓடாதீங்கன்னு. ஓடினதாலதான் வந்துச்சு" என்றார்.

ஓடியதால் வரவில்லை. காற்றில் வருகிற கிருமியால் வந்தது. எங்கே, யாரிடமிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. பல வருஷம் உடம்புக்குள் தூங்கிவிட்டும் எழுந்திருக்கும். ஆனால் 'ஓடினதாலதான்' என்ற சொல் காதுக்குள் ஏறிவிட்டால் இறங்காது. அதோடு அம்மா தினமும் போனில், "ஏய்யா, படுத்தே இரு, அசையாத" என்பாள். நிமோனியாவுக்கே இந்த உத்தரவு.

படுத்தே இருந்தால் வாசிக்கத்தானே முடியும். அப்படி வாசித்ததில் இரண்டு விஷயங்கள் மனதில் நின்றுவிட்டன. ஒன்று நம்ம சென்னையில் நடந்தது. 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சைக்கு ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம், படுக்கை, நல்ல காற்று, முட்டை, பால். ஏழை ஜனங்களுக்கு அத்தனை பேருக்கும் படுக்கை எங்கே போவது? அதனால் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தார்கள். மீதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து. வீடு என்றால் நெரிசலான ஒற்றை அறை, அரை வயிற்றுச் சோறு, வேலை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் குணமானது கிட்டத்தட்ட ஒரே அளவு. 1959-இல் அந்த முடிவு வெளிவந்தது. உலகம் பூராவும் டி.பி. நோயாளிகள் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததற்கு அது ஒரு பெரிய காரணம். நோயைக் கொன்றது படுக்கை இல்லை, மருந்துதான். இதை ஜெபல் அலியில் ஒரு படுக்கையறையில், சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு தடவைகூட இறங்கிப் பார்க்காத நான், ராத்திரி இரண்டு மணிக்கு வாசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது இன்னும் பழசு. மருந்தே இல்லாத காலம், 1905-ஐ ஒட்டி. இங்கிலாந்தில் ஃபிரிம்லி என்ற இடத்து சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்று ஒரு டாக்டர். எல்லாரும் நோயாளியைப் படுக்க வைத்தபோது இவர் எழுப்பி நடக்க வைத்தார். முதலில் கொஞ்ச தூர நடை, அப்புறம் தூரத்தைக் கூட்டுவது. அது ஒத்துக்கொண்டால் சின்னக் கூடை சுமப்பது, பெரிய கூடை, பிறகு மண்வெட்டி. காய்ச்சல் வந்தால் உடனே படுக்கை. அவர் மருத்துவத்தில் எத்தனை பங்கு சரி என்பது வேறு விஷயம். எனக்குப் பிடித்தது அந்தப் படிக்கட்டு. ஒரு படி ஒத்துக்கொண்டால்தான் அடுத்த படி.

வாசித்ததை எல்லாம் மறந்துவிட்டு நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் மாத்திரை முடிந்தது. ஜூலையில் ஒருநாள் காலை நாலரைக்கு யாருக்கும் சொல்லாமல் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கதவைத் திறந்ததும் கண்ணாடி பூராவும் புகை. ஜூலை மாதத்து ஈரக்காற்று அப்படி. பழைய வழி, பழைய வேகம். 400 மீட்டர் இருக்கும். இடது பக்கம் யாரோ உள்ளே இருந்து துணியை இழுத்துப் பிடித்ததுபோல ஆனது. கண் இருட்டியது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நேபாளி வாட்ச்மேன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். "சார், அந்தர் ஜாவ்" என்று அவரே கையைப் பிடித்துக் கொண்டுபோய் லிஃப்டில் விட்டார். மேலே வந்தால் மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. ஷூவை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டாள். அவளுடைய கோபம் எப்போதும் இப்படித்தான், சத்தம் வராது.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போனபோது அவளே அதைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, உறை தடித்திருக்கிறது, அது கொஞ்சம் இழுக்கும், விரிய நாளாகும், முதலில் நட என்றார். மூன்று பந்து இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்திருந்தார்கள். ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள், குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்து ஒவ்வொன்றாக மேலே ஏறும். எனக்கு ஒன்றரைப் பந்து. பையன் ஒரே இழுப்பில் மூன்றையும் ஏற்றிவிட்டு, "அப்பா, இது ரொம்ப ஈஸிப்பா" என்பான்.

ஜூலை ஆகஸ்டில் வெளியே நடக்க முடியாது. இபன் பதூதா மாலில் நடந்தேன். நடக்கிறவர்களுக்கு அந்த மால் வசதி. மாடி ஏறி இறங்க வேண்டியதில்லை, நீளவாட்டில் போய்க்கொண்டே இருக்கும். சீனா, இந்தியா, பாரசீகம், எகிப்து, துனிசியா, அந்தலூசியா என்று அந்தப் பயணி போன தேசங்களின் பெயரில் ஆறு பகுதி. முதல் வாரம் சீனாவில் ஆரம்பித்து யானைக் கடிகாரத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். பாரசீகத்துக் கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்துவிடுவேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அந்த இபன் பதூதா எங்கள் ஊருக்கு வந்தவர். 1340-களில், மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலம். சுல்தானுக்கும் அவருக்கும் மனைவிகள் வழியில் உறவு. அவர் போன நேரம் மதுரையில் கொள்ளை நோய். அவருக்கும் காய்ச்சல் வந்து, இத்தோடு முடிந்தது என்றே நினைத்திருக்கிறார். கடைசியில் ஒரு ராத்தல் அளவுக்குப் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, வயிறு சுத்தமாகி, பிழைத்தாராம். அவரே பயணக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். மொராக்கோக்காரரை மதுரைப் புளி காப்பாற்றியிருக்கிறது. மதுரைக்காரன் நான் அவர் பேரில் இருக்கிற மாலில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன். "அதுக்காக வீட்ல இருக்கிற புளியக் கரைச்சுக் குடிச்சிராதீங்க" என்றாள். ஜூலைக்குப் பிறகு அவள் என்னோடு சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆகஸ்ட் கடைசியில் அரபிகள் 'சுஹைல்' வந்துவிட்டது என்பார்கள். விடியலுக்கு முன்னால் தெற்கே தாழ்வாகத் தெரிகிற நட்சத்திரம். அது தெரிந்தால் வெயிலின் உச்சம் முடிந்தது என்று கணக்கு. நாம் அகத்தியர் நட்சத்திரம் என்று சொல்வது அதைத்தான். செப்டம்பர் 15-இல் வெளிவேலை செய்கிறவர்களுக்கான மதிய ஓய்வுக் காலமும் முடியும். ஃப்ரீ ஸோனில் எங்கள் வேர்ஹவுஸ் ஆட்களுக்கு அந்தத் தேதி மனப்பாடம். நானும் அன்றைக்கே ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன். இந்த முறை டாக்டரைக் கேட்டுவிட்டு, மனைவியைக் கேட்டுவிட்டு. அலமாரியின் மேல் தட்டில் இருந்து ஷூவை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

எடுத்துக்கொண்டது 'கவுச் டு 5கே' திட்டம். சோபாவில் கிடக்கிறவர்களை ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓட வைப்பது. ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-இல் போட்டது, அவருடைய அம்மாவையும் மனதில் வைத்து. வாரம் மூன்று நாள்தான். முதல் வாரம் ஐந்து நிமிஷம் வேக நடை, அப்புறம் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை, இப்படி மாறி மாறி 20 நிமிஷம். ஒரு நிமிஷ ஓட்டம்! 2019-இல் இதைப் பார்த்தபோது, 'இதெல்லாம் வயசானவங்களுக்கு' என்று தள்ளியவன் நான்.

புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு ஒரு பாக்கியம் உண்டு, அவனுக்கு எதுவும் தெரியாது. ஒரு நிமிஷம் ஓடினாலே நேற்று ஓடாத ஒரு நிமிஷம். திரும்பி வருகிறவனுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பழைய நான் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறான். இந்த விளக்குக் கம்பத்தை இத்தனை நிமிஷத்தில் தாண்டினோமே, இந்த மேட்டில் மூச்சே வாங்காதே என்று. கையில் இருந்த வாட்ச் வேறு பழைய கணக்கை எல்லாம் வைத்துக்கொண்டு, உன் திறன் குறைந்துவிட்டது என்று சிவப்பு அம்புக்குறி காட்டியது. மூன்றாம் நாள் அதைக் கழற்றிப் பையனிடம் கொடுத்துவிட்டேன். போனில் ஒரு டைமர் மட்டும். எனக்கு உதவிய முதல் காரியம் இதுதான்.

இரண்டாவது காரியம் குறள். ஓடும்போது பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும் என்பார்கள். தனியாக ஓடுகிறவன் யாரோடு பேசுவது? நான் ஒரு குறளைச் சொல்லிப் பார்ப்பேன். முதல் அடியில் நாலு சீர், அடுத்ததில் மூன்று. முதல் அடியை முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறைக்க வேண்டும். ஏழையும் சொல்லி முடித்தால் சரியான வேகம். ஸ்கூலில் மனப்பாடச் செய்யுளுக்கு வாங்கிய அடி நாற்பத்திமூன்று வயதில் பயன்பட்டது. முதல் வாரம் நான் குறள் சொல்கிற வேகத்தில் ஓடியபோதுதான் அந்தத் திருநெல்வேலி அம்மா என்னைத் தாண்டிப் போனார்.

மறுநாள் விட்டு மறுநாள் அவரை மறுபடி பார்த்தேன். நான் 90 விநாடி நடையில் இருந்தேன், அதனால் கூட நடக்க வேண்டியதாயிற்று. "உடம்புக்கு எதுவும் சரியில்லாம இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார். நிமோனியா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்ன தோன்றியதோ, "டி.பி.ம்மா" என்றேன். ஒன்பது மாதத்தில் வீட்டுக்கு வெளியே அந்தச் சொல்லை அவ்வளவு லேசாக நான் சொன்னதில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் ஊருக்குப் போய்விடுகிறவர்தானே என்ற தைரியமாகவும் இருக்கலாம்.

அவர் நடையை நிறுத்தவில்லை. "எங்க வீட்டுக்காரகளுக்கும் இருந்துச்சு. எழுவத்தெட்டுல. மாத்திரைய முழுசா முடிச்சீகளா?" 

"முடிச்சிட்டேன்ம்மா."

"பெறகென்ன. அவுக அதுக்கப்புறம் முப்பது வருசம் சைக்கிள் மிதிச்சாக." கொஞ்ச தூரம் போய், "ஊசி எத்தன போட்டாக?" என்று கேட்டார். இப்போது ஊசி இல்லை, மாத்திரைதான் என்றேன். "அப்படின்னா நீங்க குடுத்து வச்சவுக" என்றார். டைமர் அடித்தது. "ஓடுங்க ஓடுங்க" என்று கையை ஆட்டினார்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "உனக்குத் தனி டம்ளர் வச்சாளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நல்ல புள்ள" என்றாள். அப்புறம் சின்ன மாமாவைப் பற்றி, அந்த டம்ளரைப் பற்றி, தனக்குத் தெரியாமல் போனதைப் பற்றி அழுதாள். அந்தப் பேச்சை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

ஒன்பது வாரத் திட்டம் எனக்கு ஒன்பது வாரத்தில் முடியவில்லை. இரண்டாம் வாரத்தை இரண்டு தடவை செய்தேன். நாலாம் வாரத்தில் ஐந்து நிமிஷ ஓட்டம் வரும், அதை மூன்று தடவை. நடுவில் பையனுக்கு வந்த சளி எனக்கும் ஒட்டி, இருமல் வந்தது. பழைய பயம் முழுசாக எழுந்து உட்கார்ந்தது. டாக்டரிடம் ஓடினேன். சாதாரண சளிதான். பத்து நாள் விட்டுவிட்டு, மறுபடி மூன்றாம் வாரம். பாம்பு கடித்து மேலே இருந்து கீழே வந்துவிடுகிற பரமபதம் மாதிரிதான். ஆனால் ஒரு வித்தியாசம், கீழே வந்தாலும் முதல் கட்டத்துக்கு வரவில்லை. மூன்று நிமிஷ ஓட்டம் முதல் தடவை ஓடியபோது விலா இழுத்தது. இரண்டாம் தடவை இழுத்ததை ஓடி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

சனிக்கிழமை நண்பர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "வாங்க, நாங்க ஸ்லோவா வர்றோம்." ஸ்லோ என்று சொல்லி ஆரம்பிப்பார்கள், பத்தாவது நிமிஷம் யாருக்காவது ரத்தம் சூடாகிவிடும். எனக்குத் தெரியாதா, நானே அப்படித்தானே. ஓட்டத்துக்கு வர மாட்டேன், சாயாவுக்கு வருகிறேன் என்றேன். அந்தச் சாயா மேசையில்தான் அவர்களிடமும் சொன்னேன். ஒரு விநாடி அமைதி. தன்னுடைய கிளாஸைக் கொஞ்சம் நகர்த்தி வைத்த கையும் ஒன்று இருந்தது, பார்த்தேன். வருத்தம்தான், ஆனால் அந்தக் கை நான் வளர்ந்த வீட்டிலும் இருந்ததுதானே. பிலிப்பினோ நண்பர்தான் தன் தட்டில் இருந்த பரோட்டாவைப் பிய்த்து எனக்கு வைத்துவிட்டு, தன் அம்மாவுக்கும் இருந்தது என்றார். அன்று சாயங்காலம், குழுவில் இருக்கும் ஒருவரின் மெசேஜ், எனக்கு மட்டும். அவருடைய ரூம்மேட் ஒன்றரை மாதமாக இருமுகிறானாம், விசா பயத்தில் டாக்டரிடம் போகாமல் இருக்கிறானாம், எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அனுப்பினேன். அவன் போனான். அவனுக்கு என்ன என்பது அவன் விஷயம்.

நவம்பர் 24 அன்று துபாய் ரன். திட்டப்படி பார்த்தால் நான் ஐந்தாம் வாரத்தில் இருந்தேன். இருட்டிலேயே பையனும் நானும் மெட்ரோவில் ஏறினோம். டிஸ்கவரி கார்டன்ஸில் ஏறும்போதே பெட்டி பூராவும் ஒரே நிற டி-ஷர்ட். ஸ்ட்ராலரில் தூங்குகிற குழந்தை, கைத்தடியோடு ஒரு தாத்தா, தாலிக்கயிறு டி-ஷர்ட்டுக்கு வெளியே ஆட செல்ஃபி எடுக்கிற நம்ம ஊர்ப் பெண்கள். 5 கிலோமீட்டர் வரிசையில் நின்றோம். ஐந்து நிமிஷம் ஓட்டம், மூன்று நிமிஷம் நடை என்று பையனோடு ஒப்பந்தம். அவன் முன்னால் ஓடிப் போவான், திரும்பிப் பார்ப்பான், திரும்பி வருவான். அப்படிப் பார்த்தால் அவன் ஏழு கிலோமீட்டராவது ஓடியிருப்பான். பதினான்கு வழிப் பாதையில், தினமும் கார்களைப் பார்த்துப் பயந்து கடக்கிற ரோட்டில், நடுவில் நடந்து போவது ஒரு சுகம். கடைசித் திருப்பத்தில் நடை நேரம் வந்தது. எல்லாரும் கேமராவுக்காக ஓடுகிற இடம். பையன், "அப்பா, இப்ப ஓடலாம்ப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான். டைமரைக் காட்டினேன். நடந்தே கோட்டைத் தாண்டினோம். 51 நிமிஷம். பழைய கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அதன்பிறகு பிப்ரவரி. விசா மெடிக்கல். ரத்தம் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, எக்ஸ்ரே பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றேன். பலகை ஜில்லென்று இருந்தது. "ஆழமா மூச்சு இழுங்க, பிடிங்க" என்று உள்ளே இருந்து ஒரு குரல் இந்தியில் சொன்னது. இழுத்தேன். இடது பக்கம் லேசாகத் தடுத்து, அப்புறம் விட்டுக்கொடுத்தது. ஒரு குறள் முழுசாக மனதுக்குள் ஓடி முடிந்தது. "போதும், மூச்சு விடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார்களாம், எனக்குக் கேட்கவில்லை. தழும்பு தெரியும் என்று தெரியும். அதற்காக சிகிச்சைத் தாள்களை எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் ஏழாம் வாரத்தின் முதல் ஓட்டம். 25 நிமிஷம், நடுவில் நடை கிடையாது. பிப்ரவரி மாதத்துச் சாயங்காலக் காற்று, ஊரில் மார்கழிக் காற்று மாதிரி. கிளம்பி நாலாவது நிமிஷத்தில் இடுப்புப் பட்டையில் இருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. மெசேஜ். அதுவாக இருக்கும் என்று தெரிந்தது. எடுக்கவில்லை. இன்னும் 21 நிமிஷம் பாக்கி இருந்தது.